பிறர் ஓட்டும் வண்டியும் நம் பொறுப்பும்

வழிகாட்டி ஒருவர் வண்டியை ஓட்டுகிறார். கட்டணம் செலுத்திய நாம் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறோம். சக்கரத்தின் கீழ் ஓர் உயிர் நசுங்குமாயின் அவ்வினை எவரைச் சாரும்? ஓட்டியவரையா, ஓட்டச் செய்தவரையா, உடன் அமர்ந்து மகிழ்ந்தவரையா? செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்று நம் ஆசாரியர்கள் தெளிவாகவே வகுத்து வைத்துள்ளனர். ஆதலின் மூவரையும் சாரும் என்று விடை கூறிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். ஆயினும், இவ்விடை தெரிந்த பின்னரே உண்மையான வினா தொடங்குகின்றது. மூவர்க்கும் ஒரே அளவில் சாருமா? வண்டியில் ஏறாமலிருப்பது ஒன்றே நமக்குரிய வழியா? ஏறியவர் செய்யத்தக்கது எதுவும் உண்டா?

இவ்வினாவை வெறும் கற்பனையாக நாம் எழுப்பவில்லை. நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் அமெரிக்க நாட்டில் பணிபுரிகின்றனர். அங்குச் செல்லும் பெற்றோரை நயாகராவுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் அழைத்துச் செல்வதோடு, மேற்குப் பாலைநிலத்தின் ஆழ்பள்ளத்தாக்குகளில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளில் ஏற்றிச் செல்லும் வழக்கமும் வந்துவிட்டது. நாமும் மகள் குடும்பத்தாருடன் அவ்வாறு சென்று வந்தோம். வந்தபின் உற்றார் சிலர், “சமணர் இதனைச் செய்யலாமா?” என்று வினவினர். வேறு சிலர், “இதில் என்ன இருக்கிறது, வெறும் மணலும் பாறையும்தானே” என்றனர். இருசாராரும் அந்நிலத்தை அறியாமல் பேசுகின்றனர் என்பது நம் எண்ணம்.

யூட்டா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் கரையில் மோவாப் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்னும் இரு தேசியப் பூங்காக்களும் அதனை அடுத்துள்ளன. கேன்யன்லேண்ட்ஸ் 1964-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆர்ச்சஸ் 1929-இலேயே காக்கப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்டு 1971-இல் பூங்காவாயிற்று. ஊரையொட்டி மேடும் குழியுமாய் அலையலையாக எழுந்து கிடக்கும் செம்பாறையை வழுக்குப்பாறை என்கின்றனர். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றுக் குவித்த மணற்குன்றுகளே இறுகி இப்பாறை ஆயின. இலாடம் அடித்த குதிரைகள் இதன்மீது வழுக்கியதால் இப்பெயர் வந்ததாம். இரப்பர்ச் சக்கரமோ வழுக்காமல் பற்றிக்கொள்கிறது. அதனாலன்றோ செங்குத்தான பாறைமுதுகின்மேல் பல்லி போல் வண்டியை ஏற்றி இறக்குகின்றனர்! அப்பாதைகளுள் ஒன்றுக்கு ‘ஹெல்ஸ் ரிவெஞ்ச்’ என்று பெயர்; நரகத்தின் பழிவாங்கல் என்பது பொருள். நரகம் ஏழென்று சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த நமக்கு, பணம் கொடுத்து அப்பெயருடைய இடத்திற்குச் செல்வார் உளர் என்பது சற்று வேடிக்கையாகவே இருந்தது.

அப்பகுதியின் கரடுமுரடான வழிகள் பலவும் சுற்றுலாவுக்காகத் தோன்றியவை அல்ல. 1952-இல் சார்லஸ் ஸ்டீன் என்பவர் மோவாபுக்குத் தெற்கே பெரும் யுரேனியப் படிவத்தைக் கண்டார். உடனே தேடுவோர் கூட்டம் அந்நிலமெங்கும் பரவியது. அணுகுண்டுக்கு வேண்டிய தாதுவைக் கொணர்வதற்காக அரசின் அணுசக்தி ஆணையமும் வழி வெட்டத் துணை நின்றது. இன்று மலைவிளிம்பு வழியே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ‘ஒயிட் ரிம்’ பாதையும் அவ்வாறு பிறந்ததே. பிறந்த காரணம் கொடிது என்பதற்காக அவ்வழியில் நடத்தலாகாது என்று நாம் கூறோம். வெட்டிய காயம் வெட்டியதே. அவ்வழியை விட்டு இறங்கிப் புதிய வழி உண்டாக்குவதே இன்று நம் கையில் உள்ள தீமை.

அது எத்துணைப் பெரிய தீமை என்பதை உணர, அந்நிலத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். நின்று பார்ப்பவர்க்குச் செம்மணலும் ஆங்காங்கே கருகினாற் போன்ற புள்ளிகளுமே தெரியும். அக்கருமை உயிர். நீலப்பச்சைப் பாசியின் நுண்ணிழைகள் ஈரம் பட்டவுடன் விழித்து மணலினூடே ஊர்கின்றன; ஊரும்போது பசைபோன்ற உறையைச் சுரக்கின்றன; ஈரம் வற்றியதும் அடங்கிவிடுகின்றன. அவ்வுறைகளே மணற்பரல்களை ஒன்றோடொன்று பிணைத்து ஒரு மேலோட்டை உண்டாக்குகின்றன. அதன்மேல் லைக்கன்களும் சிறு பாசிச்செடிகளும் குடியேறுகின்றன. இவ்வோடு இருக்கும்வரை காற்று மணலை வாரிச் செல்லாது. மழைநீர் அரித்துச் செல்லாது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கித் தருவதும் இதுவே. ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்து உறங்கிக் கிடந்து, மழை பெய்த சில நாள்களில் மட்டும் வளர்வதால், வளர்ச்சி மிகமிக மெதுவானது. ஒருமுறை நொறுங்கினால் பாசியிழைகள் மீள்வதற்கே ஆண்டுகள் பல ஆகும். லைக்கன்களும் பாசிச்செடிகளும் முன்போல் நிறைவதற்குப் பல பத்தாண்டுகளும் சில இடங்களில் அதனினும் மிகுதியான காலமும் வேண்டும். நொறுக்குவதற்கோ ஒரு செருப்படி போதும். ஜேன் பெல்னாப் என்னும் அம்மையார் மோவாபிலேயே தங்கி அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் சார்பில் இம்மேலோட்டை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வழிப்போக்கர் ஏளனமாக மிதித்துச் செல்லும் ஒன்றுக்குத் தம் வாழ்நாளை அளித்த அவர்மீது நமக்குத் தனி மதிப்பு உண்டு.

பாறையின்மேலும் உயிர் இல்லாமல் இல்லை. வழுக்குப்பாறையின் குழிகளில் மழைநீர் தேங்குகிறது. அக்குழியின் அடி மண்ணில் பல்லாண்டுகள் உலர்ந்து கிடந்த முட்டைகள் நீர் பட்டதும் பொரித்து, விரல்நக அளவேயுள்ள சிற்றிறால்கள் தோன்றி நீந்துகின்றன. நீர் வற்றுமுன் வளர்ந்து, முட்டையிட்டு, மடிந்துபோகின்றன. ஒரு குழியே அவற்றிற்கு உலகம். கையில் பூசிய களிம்புடன் அந்நீரைத் தொட்டாலே அதன் தன்மை கெடும் என்று பூங்கா அலுவலர் எச்சரிக்கின்றனர். அதற்குள் சக்கரத்தை இறக்கி நீர் தெறிக்கப் புகைப்படம் எடுப்பாரை என்னென்பது! ஓரறிவுயிர்க்கு நேரும் இன்னலை இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது என்று நம் அறம் ஒப்புக்கொள்கிறது. இயங்கும் உயிர்களாகிய இச்சிற்றிறால்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். இம்மேலோட்டைப் பற்றிப் படித்த நம்மவர் சிலர், “மண்ணுக்கு உயிருண்டு என்று நம் முன்னோர் அன்றே கூறினர், விஞ்ஞானம் இன்றுதான் கண்டது” என்று மகிழ்கின்றனர். பொறுமை வேண்டும். விஞ்ஞானம் கண்டது மண்ணின்மேல் வாழும் பாசிகளை. நம் நூல்கள் கூறும் பிருதிவிகாயிக உயிர் மண்ணையே உடலாகக் கொண்டது. இரண்டும் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மெய்ப்பிக்க முயல்வது இரண்டுக்கும் பெருமை சேர்க்காது. பாசியைக் காப்பதற்கு அது பாசி என்பதே போதிய காரணம்.

நாம் சென்ற வண்டியில் நம்மையும் சேர்த்து எழுவர் இருந்தோம். ஓரிடத்தில் பாதை வளைந்து சென்றது. குறுக்கே சமமான மணல்வெளி. முன்னிருந்த இளைஞர் ஒருவர், “இதன்மேல் நேராகச் செல்லலாமே, எவரும் பார்க்கப் போவதில்லை” என்றார். வழிகாட்டி மறுமொழி கூறாமல் வண்டியை நிறுத்தினார்; இயந்திரத்தை அணைத்தார்; எல்லாரையும் பாறைமேல் இறங்கச் சொன்னார். பாறையின் விளிம்பில் மண்டியிட்டு, கையால் தொடாமல், அக்கரிய மேலோட்டைச் சுட்டிக்காட்டினார். தம் குடிநீர்க் குப்பியிலிருந்து சில துளிகளை அதன்மேல் விடுத்தார். சிறிது நேரத்தில் அக்கருமையின் நடுவே பச்சை தோன்றியது. அவ்விளைஞர் அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பல ஆண்டுகள், “முதலில் காட்டுக, பிறகு கூறுக, கடிந்துரைத்தலை இறுதிக்கு வைத்துக்கொள்க” என்று மாணவியர்க்குக் கூறிவந்தோம். பாடக்குறிப்பு எழுதாமலேயே அதனைச் செய்து காட்டிய அந்த வழிகாட்டிக்கு மதிப்பெண் இட வேண்டியிருந்தால் குறைத்திருக்க மாட்டோம்.

இந்நிகழ்ச்சியில் அறத்தின் நுட்பம் ஒன்று அடங்கியுள்ளது. செய்வித்தல் என்பது வாயால் ஏவினால்தான் நிகழும் என்பதில்லை. வழிகாட்டியின் வருவாய் பயணிகளின் மகிழ்ச்சியைச் சார்ந்தது. பயணம் முடிந்தபின் கையில் கொடுக்கும் அன்பளிப்பும் அதனைச் சார்ந்ததே. “இன்னும் சிறிது வேகமாக”, “அந்த மேட்டின்மேல் ஒருமுறை” என்ற சொற்கள் வேண்டுகோள் போல் ஒலித்தாலும் ஏவலின் வலிமை உடையவை. அவர் மறுத்தால் இழப்பு அவருக்கு. இணங்கினால் மகிழ்ச்சி நமக்கு. எனவே மூவர்க்கும் வினை ஒரே அளவில் சாருமா என்ற வினாவுக்கு நம் கருத்தைக் கூறுகிறோம்: மறுப்பதற்கு எவர்க்குக் குறைந்த உரிமை உள்ளதோ அவர்க்குக் குறைவாகவும், எவர் விருப்பத்தால் அது நிகழ்ந்ததோ அவர்க்கு மிகுதியாகவும் சாரும். பின்னிருக்கையில் இருப்பதால் பொறுப்பும் பின்னுக்குப் போய்விடாது.

“ஆயிரம் வண்டிகள் சென்ற இடத்தில் நம் வண்டி ஒன்று கூடுதலாகச் சென்றால் என்ன?” என்று கேட்பர். இவ்வினாவைத் தள்ளிவிட முடியாது. பாதி உண்மை இதில் உண்டு. ஏற்கெனவே வண்டி சென்று தேய்ந்த பாறைமேலோ, வெள்ளம் வந்து தடத்தை அழித்துச் செல்லும் மணலோடையிலோ இன்னொரு வண்டி செல்வதால் நேரும் கேடு சிறிது. ஆனால் எவரும் செல்லாத இடத்தில் முதல் வண்டி செய்யும் கேட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. 1942 முதல் 1944 வரை, இரண்டாம் உலகப் போரின்போது, தளபதி பேட்டன் தொடங்கிய பயிற்சி முகாமில் மொஹாவி பாலையில் டாங்கிகள் ஓடின. அத்தடங்கள் பல இடங்களில் அரை நூற்றாண்டு கடந்தும் கண்ணுக்குப் புலப்பட்டன. முதல் தடம் வெறும் தடமாக நிற்பதில்லை. அது அடுத்தவர்க்கு அழைப்பாகவும் அமைகிறது. அதனைக் கண்டு பின்தொடரும் நூறு வண்டிக்காரரும், “நாம் புதிதாக ஒன்றும் செய்யவில்லை” என்று மனச்சான்று உறுத்தாமல் செல்வர்.

உடைந்த மண்ணும் உடைந்த இடத்திலேயே கிடப்பதில்லை. கொலராடோ பீடபூமியிலிருந்து எழும் புழுதி காற்றில் சென்று, கிழக்கே ராக்கி மலைகளின் பனிமேல் படிகிறது. கருமை படிந்த பனி வெயிலை மிகுதியாக உறிஞ்சிச் சில வாரங்கள் முன்னதாகவே உருகிவிடுவதை ஆய்வாளர் அளந்துள்ளனர். நேர்மைக்காக இதனையும் கூற வேண்டும்: 19-ஆம் நூற்றாண்டில் அங்குக் கூட்டங்கூட்டமாக விடப்பட்ட ஆடுமாடுகளின் மேய்ச்சலே இப்புழுதி பெருகியதற்கு முதற்காரணம். சுற்றுலா வண்டிகள் பின்னர் வந்து சேர்ந்தவை. பிறர் செய்த பெருங்கேட்டைக் காட்டி நம் சிறுகேட்டை மறைப்பதும் பிழை, எல்லாப் பழியையும் வண்டிகள்மேல் சுமத்துவதும் பிழை. அரசும் வாளாவிருக்கவில்லை. 1972-இல் நிக்சன் பிறப்பித்த ஆணை, பொதுநிலங்களில் இத்தகைய வண்டிகள் எங்குச் செல்லலாம், எங்குச் செல்லலாகாது என்று வரையறுக்கச் சொன்னது. பெருங்கேடு காணப்படும் இடத்தை உடனே மூடுமாறு 1977-இல் கார்ட்டர் அதனை மேலும் இறுக்கினார். சட்டம் இருக்கிறது. ஆனால் அப்பெருவெளியில் ஒவ்வொரு திருப்பத்திலும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது.

வண்டியே வேண்டாம், நடந்து செல்க என்பாரும் உளர். எட்வர்ட் ஆபி என்னும் எழுத்தாளர் 1956, 1957-ஆம் ஆண்டுகளில் ஆர்ச்சஸில் காவலராகப் பணியாற்றியவர். 1968-இல் வெளிவந்த தம் நூலில், பூங்காக்களுக்குள் மோட்டார் வண்டிகளை விடலாகாது என்று கடுமையாக வாதிட்டார். அவ்வாதத்தில் பெரும்பகுதி நமக்கு உடன்பாடே. ஆனால் முதியோரைப் பற்றி அவர் கூறியது மட்டும் நெஞ்சில் தைத்தது. இளமையில் அவர்களுக்கு வாய்ப்பு இருந்ததே என்னும் கருத்துப்பட எழுதித் தள்ளிவிடுகிறார்! எவர்க்கு இருந்தது? அடுப்பங்கரையிலும் வகுப்பறையிலும் இளமையைக் கழித்து, பிள்ளைகளைக் கரையேற்றி, எழுபதைக் கடந்து, முழங்கால் தேய்ந்த பிறகே முதன்முதலாக உலகைக் காண வெளியே வந்த பெண்களை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. காலில் வலுவுள்ளவர் மட்டுமே காணத்தக்கது அப்பள்ளத்தாக்கு என்பது நீதியாகாது. வரையறுத்த வழியில், விதி அறிந்த வழிகாட்டியுடன் செல்லும் வண்டி, நடக்க இயலாதவர்க்குக் கைத்தடி போன்றது. கைத்தடியைச் சிலம்பமாகச் சுழற்றுவதுதான் தவறு.

இங்கே சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கூறியது நினைவுக்கு வருகிறது. அந்நூலைத் தழுவியதே நம் தமிழ் அருங்கலச்செப்பு. பயனின்றிச் செய்யும் கேட்டினைத் தவிர்க்கும் விரதத்தை விளக்குமிடத்து, வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றுடன், பயனின்றி அலைதலையும் பிறரை அலையச் செய்தலையும் சேர்த்தே அவர் எண்ணுகிறார். மோட்டார் வண்டி இல்லாத காலத்தில், தானே அலைதலையும் பிறரை அலைக்கழித்தலையும் தனித்தனியே பிரித்துக் கூறிய அந்நுட்பம் வியக்கத்தக்கது. ஆனால் “பயனின்றி” என்னும் சொல்லை நாம் அவசரப்பட்டுக் கடந்துவிடக் கூடாது. காண்பது பயனன்று என்று ஆசாரியர் கூறவில்லை. மலைகளையும் குகைகளையும் தேடிச் சென்று வணங்கியவர்களே நம் முன்னோர். அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று, ஒரு சிற்றாறு இவ்வளவையும் அறுத்து எடுக்க எத்துணைக் காலம் ஆகியிருக்கும் என்று எண்ணும்போது, ‘நான்’ என்னும் சொல் வாயில் வருவதற்கே கூசுகிறது. அதனைப் பயனின்மை என்று எவர் கூறுவார்? அதே விளிம்பில் வண்டியை உறும வைத்து, அடிவயிறு கலங்கும் அந்த நொடிக்காகவே மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்குபவர்க்கு அப்பள்ளத்தாக்குத் தேவையில்லை. ஊர்ப்புறத்துக் குப்பைமேடு ஒன்றே போதும்.

விமானத்தில் எரித்த எண்ணெயை விட்டுவிட்டு மணல்மேல் உள்ள பாசிக்கு அழுவதா என்று ஒருவர் நம்மை மடக்கினார். விமானப் பயணத்தின் கேடு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மகளையும் பேரனையும் காண்பதற்கு அதனைவிடச் சிறிய வழி நமக்குத் தெரியவில்லை. பாசியை மிதியாமலிருப்பதற்கோ வழி தெரிகிறது. தெரிந்த வழியைத் தெரியாத வழிக்காகக் கைவிடுவானேன்?

அரிசோனாவில், சின்லி என்னும் ஊரையடுத்துள்ள கேன்யன் டி ஷேயைப் பற்றியும் சில சொற்கள். நவஹோ மொழியில் பாறைக்குள் என்று பொருள்படும் சொல்லே வேற்றார் நாவில் திரிந்து அப்பெயராயிற்று. 1931-இல் தேசிய நினைவிடமாக்கப்பட்டாலும் நிலம் நவஹோ மக்களுடையதே. பள்ளத்தாக்கின் அடியில் இன்றும் அவர்களுடைய குடும்பங்கள் பயிர் செய்கின்றன. 1864-இல் கிட் கார்சன் தலைமையில் படை இம்மக்களை அடக்கியது. அவர்கள் வளர்த்த பீச் மரங்களை அவ்வாண்டிலேயே படைவீரர் வெட்டி வீழ்த்தினர். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் நியூ மெக்சிகோவிலிருந்த முகாமுக்குக் கால்நடையாகவே துரத்தப்பட்டு, 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே திரும்பினர். அத்தகையோர் இன்று தம் நிலத்திற்குள் வண்டியில் அழைத்துச் சென்று, பாறைச் சுவரில் பண்டையோர் கட்டிய வீடுகளையும், ஏறத்தாழ 240 மீட்டர் உயர்ந்து நிற்கும் சிலந்திப் பாறையையும் காட்டுகின்றனர். வண்டி செல்வது பெரும்பாலும் ஓடைமணலில். அடுத்த வெள்ளம் தடத்தை அழித்துவிடும். பெறும் கட்டணமும் அம்மக்களுக்கே பயன்படுகிறது. இங்கு வழிகாட்டி என்பவர் வீட்டுக்காரர், நாம் விருந்தினர். வீட்டுக்காரரை, “கொஞ்சம் வேகமாக” என்று எவரும் ஏவுவரோ?

வழிகாட்டியின் சொல்லைக் கேட்பது பிற உயிர்க்காக மட்டுமன்று. 1997 ஆகஸ்டு 12-இல், அதே மாநிலத்தின் ஆன்டெலோப் பள்ளத்தாக்கின் குறுகிய இடுக்கில் இருந்த 11 பேரை வெள்ளம் கொண்டு சென்றது. மழை பெய்தது பல கிலோமீட்டருக்கு அப்பால். அவர்கள் இருந்த இடத்தில் மழை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. அதன்பின் அங்கு வழிகாட்டியின்றி எவரும் செல்ல இயலாது.

செல்ல விரும்பும் குடும்பத்தார்க்குச் சில குறிப்புகள். கட்டணம் செலுத்துமுன், வண்டி குறித்த வழியிலேயே செல்லுமா, நீர்க்குழிகளைத் தவிர்க்குமா என்று கேளுங்கள். கேட்பவர் இருக்கிறார் என்று அறிந்தாலே நடத்துவோர் கவனமாக இருப்பர். கோடை மாதங்களின் பிற்பகலில் இடியும் மழையும் வரக்கூடுமாதலால் காலைப் பயணமே நன்று. இறங்குமிடத்தில் பாறைமீதோ ஓடைமணல்மீதோ மட்டும் கால் வையுங்கள். கருமை படர்ந்த மண்ணைக் கண்டால், சுற்றிச் செல்ல நூறு அடி கூடுதலாயினும் சுற்றியே செல்லுங்கள். நவஹோ மக்களையும் அவர்கள் இல்லங்களையும் அவர்கள் இசைவின்றிப் புகைப்படம் எடுக்கலாகாது. முதுகுவலி உடையோர் நடு இருக்கையைக் கேட்டுப் பெறுக. பின்னிருக்கை மிகவும் தூக்கிப் போடும். குடிநீர் ஒருவர்க்கு இரண்டு குப்பிக்குக் குறையாமல் வேண்டும். அதில் சில துளிகளை, வழிகாட்டி காட்டச் சொன்னால் காட்டுவார்.